வெயிலுமுத்து வீட்டுப் பத்து மணி

எங்கள் உப்போடைத் தெருவில் முப்பத்தொரு வீடும் ஒரு அடிபம்பும் ஒரு பிள்ளையாரும் ஒரு சோம்பேறியும் உண்டு. அந்தச் சோம்பேறி நான்தான், பெயர் வெயிலுமுத்து, தொழில் தையல், வீட்டு முன்னறையிலேயே கடை, பலகையில் ‘வடிவு லேடீஸ் டைலர்ஸ்’ என்று என் மனைவி சண்முகவடிவின் பெயர் இருக்கும், அவள் மட்டும் அப்போது வீட்டில் இல்லை. அவள் ஏன் இல்லை, அவளைத் திரும்பக் கூட்டிவர வேண்டி நான் எப்படி ஒரு பூச்செடி வளர்த்தேன், அந்தச் செடி எங்கள் தெருவின் காலை நேரத்தை எப்படித் தின்றது என்பதைச் சொல்கிறேன். கோவில்பட்டிக்காரர்கள் பலபேர் இதற்குள் இதை வேறு மாதிரிக் கேட்டிருப்பார்கள். அவர்கள் சொல்கிற கதையில் நான் கொஞ்சம் கெட்டிக்காரனாக வருவேன், அதை நம்ப வேண்டாம்.

நான் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்த வீட்டுச் சங்கதி பேசுகிற பழக்கம் மட்டும் கொஞ்சம் உண்டு. எனக்கு இருக்கிற ஒரே வியாதி, யார் எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும், தந்துருதேன்’ என்று சொல்லிவிடுவது. நாளைக்கு வளைகாப்பு அண்ணே என்பார்கள், ஆகட்டும்; தீபாவளிக்கு முந்தின நாளே வேணும் என்பார்கள், ஆகட்டும்; சாயங்காலமே ஊருக்குப் போறேன் என்பார்கள், அதற்கும் ஆகட்டும்; இப்படி நூறு பேருக்கு ஆகட்டும் சொல்லிவிட்டு ஒரே ஒரு மிஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், எதை முதலில் எடுப்பது என்று யோசிக்கவே மத்தியானம் ஆகிவிடும், யோசித்த களைப்பில் கண் அசந்துவிடும். வளைகாப்புக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையைப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள், அதுவும் அளவு பத்தாமல்.

அதையெல்லாம் வடிவு பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அவள் தம்பி கல்யாணத்தில். கழுகுமலையில் கல்யாணம், காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம், பெண்ணுக்கு முகூர்த்த பிளவுஸ் எங்க வீட்டுக்காரர்தான் தைக்கிறார் என்று பிறந்த வீடு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். முந்தின நாளே அவள் போய்விட்டாள். நான் விடியக்காலம் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன், சொன்னபடி வந்தும் சேர்ந்தேன், அழகாக மடித்த பிளவுஸும் கையுமாக, மண்டபத்தில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது. பெண் யாரோ பெரிய உடம்புக்காரியின் பிளவுஸை இரவல் வாங்கிப் போட்டு, முதுகில் ஆறு ஊக்கு குத்தி மணையில் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாண ஆல்பத்தில் தாலி தெரிகிறதோ இல்லையோ, ஊக்கு ஆறும் பளிச்சென்று தெரியும். வடிவு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னோடு திரும்பி வரவும் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் போனில் கெஞ்சினேன். அவள் சொன்னாள்: “காலாகாலத்துல ஒரே ஒரு காரியத்த முடிச்சுக் காட்டுங்க, வாரேன். பூரணம் அக்கா வாசல்ல பத்துமணிப் பூ கெடக்கே, தரையோட தரையா, மண்ணத் தின்னுக்கிட்டு. அதுக்குக்கூட மணி தெரியுது. ஒங்களுக்குத் தெரியலயே.”

வேறு யாராவது இதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் யோசனை என்று எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். பூரணம் அக்கா தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷம் குச்சி அடுக்கியவள், கைக்கும் வாய்க்கும் ஓய்வு கொடுக்க மாட்டாள். நான் கேட்டதும் ஒரு காம்பைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“வேரு இல்லையே அக்கா.”

“அதுவா விடும். ஓட்டைப் பெயின்ட் வாளியில மணலப் போட்டுச் சொருகி வையி. தெனமும் தண்ணி ஊத்திக் கொன்னுராத. உரம் கிரம் போடாத. வெயில்ல வச்சிட்டு மறந்துரு தம்பி, மறந்தாத்தான் அது வளரும்.”

என் நாற்பத்தேழு வயதில், என் திறமைக்கு ஏற்ற வேலையை முதல்முதலாக ஒரு ஆள் எனக்குக் கொடுத்தாள். அப்படியே செய்தேன். வாளியை மாடிப்படிக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற இடத்தில் வைத்தேன், மறந்தேன், நன்றாக மறந்தேன், மறந்ததையும் மறந்தேன். பத்தாம் நாள் பார்த்தால் செடி வாளி நிறையப் படுத்திருக்கிறது. விரல் உயரம்கூட இல்லை. குண்டுகுண்டாகப் பச்சை அரிசி மாதிரி இலை, செம்பு நிறத்தில் தண்டு, நிமிர்ந்து நிற்கிற எண்ணமே கிடையாது, படுத்தபடியே வளர்ந்து படுத்தபடியே மொட்டு வைத்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ சொந்தக்காரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பூக்க ஒரு மாதம் ஆகும் என்று பூரணம் அக்கா சொல்லியிருந்தாள். பன்னிரண்டாம் நாள் பூத்துவிட்டது.

பூத்தது மாதத்தில் மட்டும் முந்திக்கொள்ளவில்லை, மணியிலும் முந்திக்கொண்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால், நான் வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன், சூரியன் தீப்பெட்டி ஆபீஸ் சுவருக்கு மேல் இப்போதுதான் தலையை நீட்டியிருக்கிறது. வாளியில் ஒரு மொட்டு ரோஸ் நிறத்தில் மெதுவாக விரிந்தது. உடனே மணி பத்து ஆனது. சுவருக்கு மேல் இருந்த சூரியன் பத்து மணிக்கு எப்போதும் நிற்கிற இடமாகிய தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே போய் நின்றுகொண்டது, தெருவின் நிழல்கள் எல்லாம் அவசர அவசரமாகச் சுருங்கிச் சுவரோடு ஒண்டின, முப்பத்தொரு வீட்டுக் கடிகாரங்களும் பத்து காட்டின, செல்போன்களும் பத்து காட்டின, வாய்க்குள் நுரை மட்டும் ஆறே முக்கால் நுரையாகவே இருந்தது.

எதிரே பூரணம் அக்கா புள்ளி வைத்து முடித்துக் கோலத்தின் முதல் இழையை இழுத்திருந்தாள். நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள். “ஆத்தாடி, பத்தாயிட்டுதே, பத்து மணிக்கு என்ன கோலம் வேண்டிக் கெடக்கு” என்று மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பால்காரர் பக்கத்துத் தெருவின் ஆறே முக்காலிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருமுனைப் பிள்ளையாரைத் தாண்டியதும் அவர் கைக்கடிகாரமும் பத்தானது. “பத்து மணிக்குப் பாலக் கொண்டாந்தா காப்பிய யாரு குடிப்பா?” என்று எல்லா வாசலிலும் திட்டு வாங்கினார். அவரும் நேர்மையான மனிதர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

இது எங்கள் தெருவுக்கு மட்டும்தான். பிள்ளையாரைத் தாண்டிக் கருத்தப்பாண்டி டீக்கடைக்குப் போனால் அங்கே ஆறே முக்கால்தான், ஊருக்கெல்லாம் ஆறே முக்கால்தான். செடி அநியாயமும் செய்யவில்லை. எங்கள் மணிக்கு இரண்டாகும்போது பூ மூடிக்கொள்ளும், காலையில் எடுத்த நேரத்தை அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும், எங்கள் மத்தியானம் நீண்டு நீண்டு போய்க்கொண்டே இருக்கும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாங்களும் ஊரும் ஒரே மணிக்கு வந்து சேர்ந்துவிடுவோம். அடுத்த நாள் ஆறே முக்காலுக்கு மறுபடி பத்து.

முதல் வாரம் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லேட்டாகிவிட்டது என்று அழுதுகொண்டே ஓடி, பூட்டின கேட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வாட்ச்மேனுக்கு முன்னால் வேலைக்குப் போய் வாட்ச்மேனுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் பெண்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பத்து மணிக்கு மேல் யாரும் இட்லி கேட்க முடியாது. தோசைக்கல் இறங்கியது, சட்னி அரைக்கிற சத்தம் நின்றது, ‘எந்திரி, நேரமாச்சு’ என்று பிள்ளைகளை அடித்து எழுப்புகிற அந்த மூன்று மணி நேரக் கலவரம் எங்கள் தெருவிலிருந்து ஒழிந்தே போனது, அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் செடியைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. ஆண்கள் பேப்பரைச் சாயங்காலம் படித்தார்கள், குளியலும் சண்டையும் மத்தியானத்துக்கு மாறின, மத்தியானம்தான் வேண்டிய மட்டும் இருந்ததே.

ராகுகாலத்தைக் கண்டுபிடித்தவர் திரவியம் அண்ணாச்சி. ரயில்வே கேட்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர், பஞ்சாங்கம் பார்க்காமல் தும்ம மாட்டார். ஒரு திங்கட்கிழமை என் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வேய் வெயிலு, திங்கக்கிழமை ராகுகாலம் எப்ப?”

“ஏழரைல இருந்து ஒம்போது, அண்ணாச்சி.”

“நம்ம தெருவுல ஆறே முக்காலுக்கு அப்புறம் என்ன?”

“பத்து.”

“அப்ப ஏழரை எங்க வேய்?”

நான் யோசித்தேன். ஏழரை எங்கள் தெருவில் இல்லை. உலகத்தில் எல்லாருக்கும் திங்கட்கிழமை ராகுகாலம் உண்டு, எங்களுக்கு மட்டும் இல்லை. செய்தி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது, எங்கள் மத்தியானம் என்பதால் அதற்கு நிறைய அவகாசமும் இருந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, காலையில் நல்ல காரியம் செய்ய வேண்டியவர்கள் எல்லாம் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைக்க வந்தார்கள், பிள்ளைக்குக் காது குத்த வந்தார்கள், வெளிநாடு போகிறவன் பெட்டியோடு வந்து எங்கள் தெருவில் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் போனான். இதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை ராகுகாலம் எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு இழுத்துக்கொண்டது. அன்றைக்கு ஒரு காரியமும் செய்யாமல் எல்லாரும் படுத்துத் தூங்கினோம், எனக்கு அதில் எந்தக் கஷ்டமும் தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லாம் என்னையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். “இவரு வீட்டுலதான் நேரம் முந்தி வருதாம்” என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது பார்த்து ஒரு பெண் வந்து, “நேரத்தையே வாளியில போட்டு வளக்கீகளாம், போன பொங்கலுக்குக் குடுத்த எம் பிளவுஸ் மட்டும் ஏன் அண்ணே வளர மாட்டேங்குது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். ஆகட்டும், தந்துருதேன் என்றேன். இதில் சொல்ல வெட்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு நீளமான மத்தியானம் கையில் இருக்கிற ஒரே தையல்காரன் நான். மற்றவன் என்றால் ஊரையே உடுத்திவிட்டிருப்பான். எனக்கோ மத்தியானம் எவ்வளவு நீண்டதோ அவ்வளவுக்குத் தூக்கமும் நீண்டது.

இப்படி எட்டு மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை பூரணம் அக்கா கழுகுமலைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஒரு மஞ்சள் பையைக் கட்டிங் மேஜைமேல் வைத்தாள். உள்ளே மயில் கழுத்து நிறத்தில் ஒரு பிளவுஸ் துணி, அளவுக்கு ஒரு பழைய ரவிக்கை.

“வடிவு குடுத்துவிட்டா. திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில தங்கி வேலை பாக்கப் போறாளாம். வர்ற திங்கக்கெழம பத்தேகாலுக்குக் கழுகுமலை பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வருது, ஏறிருவா. பத்து மணிக்குள்ள இதத் தச்சு எடுத்துக்கிட்டு நீ அங்க வந்து நின்னா, வேனுல ஏறாம ஒங்கூட வாராளாம். வரலன்னா துணிய நீயே வச்சுக்கிடணுமாம்.”

நான் துணியைத் தடவிப் பார்த்தேன். “கோவமா இருந்தாளா அக்கா?”

“கோவமா இருந்தாத்தான் பரவாயில்லையே. பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கா. போனா வர மாட்டா வெயிலு. இந்த வாட்டி கோட்ட விட்டேன்னு வையி, நானே அந்தச் செடியப் புடுங்கி அடுப்புல வச்சிருவேன்.”

அன்றைக்கே கடைக் கதவைச் சாத்தினேன். வந்தவர்களுக்கெல்லாம் ஜன்னல் வழியாக ஆகட்டும் சொல்லி அனுப்பினேன். அளவு ரவிக்கையை விரித்து டேப்பை வைத்தபோது, முன்பு இருந்ததற்கு இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்திருந்தது தெரிந்தது. இத்தனை மாதத்தில் இளைத்திருக்கிறாள். என்னை நினைத்துத்தான் இளைத்தாள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட்டதற்காக என்னை நானே ஒரு தடவை காறித் துப்பிக்கொண்டேன், பிறகு வெட்டினேன். வெள்ளிக்கிழமை லைனிங் வைத்தேன், சனிக்கிழமை கழுத்து, ஞாயிற்றுக்கிழமை கை ஏற்றினேன். என் தொழிலில் அப்படி ஒரு பிளவுஸ் நான் தைத்தது கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு கோணல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால் கைவேலை மட்டும்தான் பாக்கி. ஓரம் மடித்து ஹெம்மிங் போட வேண்டும், ஆறு கொக்கி வைக்க வேண்டும், ஒரு மணி நேர வேலை. கண்ணும் கொஞ்சம் எரிந்தது. காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துப் படுத்தேன்.

இந்த இடத்தில் கேட்கிறவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள், நானும் அடித்துக்கொண்டேன். உலகத்திலேயே காலை என்பதே இல்லாத ஒரே தெரு எங்கள் தெரு, அதை இல்லாமல் செய்தவனே நான், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவனும் நான்.

திங்கட்கிழமை எழுந்து, பிளவுஸை மடியில் போட்டு, நூல் நுனியை நாக்கில் நனைத்து ஊசிக் காதுக்குக் கொண்டுபோனேன், பூ விரிந்தது, மணி பத்து. பத்துக்குள் கழுகுமலையில் நிற்க வேண்டியவன், பத்துக்குப் பாயில் இருக்கிறேன். நேரம் தவறுகிறவர்களுக்கென்று ஒரு நியாயம் உண்டு, தவறாதவர்களுக்கு அது புரியாது. எப்படியும் லேட்டு என்று ஆன பிறகு ஓடுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், உடம்பு அப்படியே தளர்ந்துவிடும். நான் பிளவுஸை நெஞ்சில் வைத்துக்கொண்டு மறுபடியும் பாயில் சாய்ந்து, வடிவு போயிட்டாளே என்று அழ ஆரம்பித்தேன்.

பூரணம் அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். “அட வெளங்காத மனுசா! நம்ம தெருவுலதானே பத்து! பிள்ளையாரத் தாண்டுனா ஆறே முக்கால்டா! எந்திரி!”

எழுந்தேன். ஊசியும் நூலும் பிளவுஸுமாகக் கருத்தப்பாண்டி டீக்கடைக்கு ஓடினேன். அங்கே இளம் வெயில், அசல் ஆறே முக்கால், எட்டு மாதமாக நான் பார்க்காத காலை அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஹெம்மிங் போட்டேன். சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், கருத்தப்பாண்டி கொக்கிகளை ஒரு டப்பா மூடியில் பிடித்துக்கொண்டு நின்றான், எட்டு மணிக்கு ஆறாவது கொக்கியும் முடிந்து நூலைப் பல்லால் கடித்தேன். அப்படியே பஸ் ஏறியிருந்தால் ஒன்பதேகாலுக்குக் கழுகுமலை. ஆனால் எனக்குப் புத்தி அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது, அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

செடியையும் எடுத்துக்கொண்டு போனால் என்ன? பூவைப் புதிதாகக் கொண்டுபோகிற இடத்தில் மணி பத்திலிருந்துதானே தொடங்கும். வழியில் டயர் வெடித்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, நான் வாளியோடு போய் அவள் முன்னால் நிற்கிற நேரம் சரியாகப் பத்து. வடிவால் ஒரு வார்த்தை பேச முடியாது. தெருவுக்குள் போனேன், திரவியம் அண்ணாச்சி மகள் தங்கத்துக்கு அன்றைக்கு நிச்சயதார்த்தம், பந்தலும் கூட்டமுமாக எல்லார் கண்ணும் அங்கே இருந்தது, வாளியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் போன வழியெல்லாம் பத்து மணி ஆனது. கடைக்காரர்கள் பதறியடித்து ஷட்டரைத் தூக்கினார்கள், நான் தாண்டிப் போனதும் எட்டேகால் ஆகி, ஏன் தூக்கினோம் என்று விழித்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள் நான் கால் வைத்ததும் அங்கேயும் பத்து. எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய கழுகுமலை பஸ்ஸின் டிரைவர் மணியைப் பார்த்தார், ஒன்றரை மணி நேரம் லேட்டு என்று அலறிக்கொண்டு வண்டியை எடுத்தார். “ஏ, நில்லும், நில்லும்!” என்று நான் வாளியோடு பின்னால் ஓடினேன். அடுத்த பஸ் ஒன்பதே முக்காலுக்குத்தான்.

அதே நேரம் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று திரவியம் அண்ணாச்சி வந்து சொன்னார், மருமகனாக வரப்போகிறவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பட்டு வேட்டி பறக்க வந்தார். பெண் வீட்டுத் தட்டு மாப்பிள்ளை வீட்டாரின் கைக்கு மாறுகிற சமயத்தில் எங்கள் தெருவின் பதினொன்றரை போய் ஊரின் எட்டேகால் வந்துவிட்டது. திங்கட்கிழமை எட்டேகால், நடு ராகுகாலம்.

“வேய், பாதகா! தட்ட நாங்களும் விட முடியல, அவுகளும் வாங்க முடியல, எட்டுப் பேரு ஆளுக்கு ஒரு பக்கமாப் புடிச்சிக்கிட்டு நிக்காக! சம்பந்தியம்மாவுக்குக் கை நடுங்குது வேய்! செடியக் கொண்டாரும்!”

“அண்ணாச்சி, வடிவு பத்தேகாலுக்குப் போயிருவா. நான் போகணும்.”

“எம் பொண்ணு வாழ்க்கைய்யா.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. தங்கத்துக்கு முதல் பாவாடை தைத்தது நான்தான், அதுவும் ஒரு வருஷம் பிந்தித்தான் கொடுத்தேன். என் வாய் வழக்கம்போல ஆகட்டும் என்றது. மூன்று பேரும் ஒரு வாளியுமாக அந்த பைக்கில் திரும்பினோம், தெருவுக்குள் நுழைந்ததும் பத்து மணி ஆனது, எட்டுப் பேரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட, தட்டு கை மாறியது. நான் கிளம்புகிறேன் என்றேன். சந்தனம் எடுத்துக்காமப் போகக் கூடாது என்றார்கள், ஆகட்டும். ஒரு போட்டோவுக்கு நில்லுங்க என்றார்கள், ஆகட்டும். சாப்பிடாமப் போனா எங்களுக்குச் சங்கடம் என்றார்கள், அதற்கும் ஆகட்டும். கேசரி நன்றாக இருந்தது, உண்மையை மறைப்பானேன், இரண்டாம் தடவையும் வாங்கினேன். எங்கள் தெருவில் இப்போதுதானே பத்தானது என்கிற தெம்பு.

பிளவுஸை மட்டும் எடுத்துக்கொண்டு, செடியை அண்ணாச்சி வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையாரைத் தாண்டினால், கருத்தப்பாண்டி கடையில் ஒன்பதரை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

ஒன்பதே முக்கால் பஸ் ஊர் ஊராக நின்றது. ஒரு இடத்தில் வெங்காய மூட்டை ஏற்றினார்கள், ஒரு இடத்தில் கண்டக்டர் இறங்கித் தெரிந்தவரிடம் மகன் படிப்பைப் பற்றி விசாரித்தார். பத்தானது. பத்தேகாலானது. அப்போது பஸ் கரிசல்காட்டு நடுவே ஒரு ஆட்டு மந்தைக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு ஆடாக எண்ணினேன். இப்போது ஏறுகிறாள், இப்போது ஜன்னலோரம் உட்காருகிறாள், இப்போது வேன் திரும்புகிறது என்று மனதுக்குள் ஓடியது. ஏமாற்றப் போகாமல் எட்டு மணிக்கே கிளம்பியிருந்தால் நேராகவே ஜெயித்திருப்பேன். இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தியைக் காத்திருக்க வைத்தவனுக்கு இது வேண்டும்தான் என்று எனக்கே தோன்றியது. இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிளவுஸையாவது அவள் தம்பி கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

கழுகுமலையில் இறங்கும்போது பத்து ஐம்பது. பஸ் ஸ்டாண்டில் வேன் இல்லை. மூலையில் இருந்த சிமெண்டு பெஞ்சில், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடிவு உட்கார்ந்திருந்தாள், வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு.

மெல்லக் கிட்டத்தில் போனேன். “வேன் வரலையா?”

“வந்துச்சு.”

“பின்ன?”

“டிரைவரு மூணு தடவ ஆரன் அடிச்சாரு. நாந்தான் போகச் சொல்லிட்டேன்.”

“ஏன் வடிவு?”

அவள் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள். “பத்துன்னு சொன்னா நீங்க பன்னெண்டுக்கு வருவீகன்னு எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருசம் ஒங்ககூடக் குப்ப கொட்டிருக்கேன். சரி, பன்னெண்டு வரைக்கும் இருந்து பாப்போம்னு உக்காந்துட்டேன்.” பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள், என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பிளவுஸைப் பார்த்தாள். “என்ன, இம்புட்டுச் சீக்கிரமா வந்துட்டீக?”

பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, நின்ற இடத்திலேயே மூக்கு ஒழுக அழுதேன். வடிவு பதறி எழுந்து என் கையைப் பிடித்தாள்.

“ஐயே, அந்தப் பிளவுஸுல தொடச்சிராதீக.”